எதிர்ப்பாட்டு

பந்தியில் ரசம் வந்துகொண்டிருந்தபோது அந்தப் பாட்டு மறுபடியும் கேட்டது. விஸ்வா அத்திம்பேரின் சட்டைப் பையிலிருந்து. மாளவிகா எழுதி, மெட்டுப் போட்டு, அவளே பாடிய பாட்டு. அந்த மனுஷரைத் திட்டுவதற்கென்றே எழுதிய பாட்டு. அதை அவர் ரிங்டோனாக வைத்துக்கொண்டு காலையிலிருந்து கல்யாண மண்டபம் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தார்.

"எங்காத்து மாப்பிள்ளை மேலேயே பாட்டுக் கட்டிட்டா எங்க மாளு" என்று சித்தப்பா பக்கத்து இலைச் சென்னைக்காரரிடம் பெருமை பொங்கச் சொன்னார். "யூடியூப்ல பாருங்கோ. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இப்போ இதுதான்."

சென்னைக்காரர் மாளவிகாவைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ரசம் சாதத்தை மீறி இலையை விட்டு வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

கல்யாணம் சித்தப்பா பெண் வானதிக்கு. நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மண்டபம். சமையல்காரர், நாயனக்காரர், ஜெனரேட்டர், சென்னைப் பிள்ளை வீட்டாருக்கு வேன், கேட் மூடினால் வேனை எந்தப் பக்கமாகச் சுற்றி அழைத்து வருவது என்பது வரை எல்லாம் விஸ்வாதான் பார்த்துக்கொண்டார். கும்பகோணத்தில் பேங்க் மேனேஜர். குடும்பத்தின் மூத்த மாப்பிள்ளை, மாளவிகாவின் அக்கா ஷைலஜாவின் புருஷன். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் நிற்பவர். அதனால் அவருக்குத்தான் போன் வரும். போன் வரும்போதெல்லாம் மாளவிகாவின் குரல் அவர் மார்பிலிருந்து பாடும்.

இதைவிட ஒரு பாட்டுக்காரியை அவமானப்படுத்த முடியுமா? முடியாது. யோசித்துப் பார்த்துவிட்டாள்.

மாளவிகாவின் கோபம் வீட்டில் பிரசித்தம். சின்ன வயதில் பாட்டு வாத்தியார், "குரல் கரகரன்னு இருக்கு, கச்சேரிக்கு ஆகாது" என்று அப்பாவிடம் சொன்ன அன்றைக்கே சுருதிப் பெட்டியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவள். படிப்பு முடிந்து சென்னைக்குப் போய்ப் பத்து வருஷம் சினிமாப் பாட்டுகளுக்குப் பின்னால் ஹம்மிங் பாடினாள். ஆ, ஓ, ம்ம். வாயைத் திறக்கலாம், வார்த்தை வரக் கூடாது. ஒருநாள் ஒலிப்பதிவின் நடுவே ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ரயிலேறித் தஞ்சாவூருக்கு வந்துவிட்டாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொந்தமாகச் சொல்லி ஒரு ஆல்பம் போடுவது என்று அந்த ரயிலிலேயே முடிவு செய்தாள்.

அதற்கு 'எதிர்ப்பாட்டு' என்று பெயர் வைத்தாள். அது கல்யாண வீட்டு வார்த்தை. நலங்கு நடக்கும்போது பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கேலி செய்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து அதற்குப் பதில் பாட வேண்டும். அந்தப் பதில்தான் எதிர்ப்பாட்டு. எவ்வளவு ஏசினாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்ட கட்சி தோற்றது. மாளவிகாவுக்கு இந்த வார்த்தை பிடித்திருந்தது. தன் வாழ்க்கையில் தனக்கு முன்னால் நின்று பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் பாட்டு என்று ஒன்பது பாட்டு எழுதினாள்.

ஒலிப்பதிவு முத்துப்பேட்டையில், முபாரக்கின் வீட்டு மாடியில். துபாயில் ஒரு சவுண்ட் கம்பெனியில் இருந்துவிட்டு வந்த பையன் அவன். மாடி அறையின் நாலு சுவரிலும் கோரைப் பாயை அடித்து ஸ்டுடியோ ஆக்கியிருந்தான். மாளவிகா தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்துப் போவாள். பாங்கு சொல்லும் நேரம் ஒலிப்பதிவு நிற்கும், அவன் தங்கை ஆசியா டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைப்பாள், பிறகு தொடரும்.

"அக்கா, ஒம்போது பாட்டும் ஒம்போது ஊருக்குப் போகுதுங்க" என்றான் முபாரக் நாலாவது பாட்டு முடிந்ததும். "ஆல்பம்னா மொத்தமா ஒரு கலர் வேணாமா?"

"திட்டறது ஒன்பது பேரை. எல்லாரையும் ஒரே மாதிரி திட்டினா யாருக்கு உறைக்கும்?"

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த மைக்கை மாட்டினான். அந்த ஒன்பதும் அப்படித்தான் இருந்தன. பாட்டு வாத்தியாருக்கு எழுதியது சுத்தமான தோடி. கூடவே எலெக்ட்ரிக் கிட்டார் அதே கரகரப்போடு வரும். மூழ்கிப்போன சம்பாவைக் காரை விட்டு இறங்காமலே பார்த்துவிட்டுப் போன அதிகாரிக்கு நாயனமும் பேஸ் கிட்டாரும். சினிமாக்காரருக்கு ஒரே ஒரு 'ஆ', நாலு நிமிஷம், முபாரக் துபாயிலிருந்து கொண்டுவந்த ஊது வாத்தியத்தின் மேல். அலையாத்திக் காட்டுக்குள் போகிற படகின் இஞ்சின் சத்தத்தையே தாளமாக வைத்து ஒன்று. நீடாமங்கலம் கேட்டின் மணியை வைத்து ஒன்று. தவளைகள் கத்துகிற ஒரு தாலாட்டுக்கூட உண்டு. அதில் தூங்கச் சொல்லித் திட்டுவாள்.

ஆறாவது பாட்டுதான் அத்திம்பேருக்கு.

விஷயம் இதுதான். போன ஆடிப்பெருக்கன்று மாளவிகா சொல்லாமல் கொள்ளாமல் கும்பகோணத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தேயிருந்தது. ஷைலஜா கூடத்தில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். முறத்தில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் துண்டுகள். முழங்கைக்குக் கீழே ரத்தம் காய்ந்திருந்தது.

"குடத்துல இடிச்சுண்டேன்" என்றாள் ஷைலஜா, இவள் கேட்பதற்கு முன்பே.

அந்த வீட்டில் குடமே கிடையாது. சுவரில் மாட்டிய மெஷினிலிருந்து தண்ணீர் பிடித்துக் குடிக்கிற வீடு அது. மாளவிகா அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். புதுக் காயத்துக்குப் பக்கத்தில் பழைய காயங்கள். அத்திம்பேர் பெண்டாட்டிக்கு வாராவாரம் வளையல் வாங்கிக் கொடுக்கிறார் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாளே, அதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

"யார்ட்டயும் சொல்லாதே" என்றாள் ஷைலஜா.

மாளவிகா அன்று சாயங்காலமே தஞ்சாவூரில் அம்மாவிடம் சொன்னாள். பர்வதம் அரிசி களைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "கை நீட்டறது எந்தாத்துலடி இல்லை?" என்றாள். "குடியா, வேற தொடுப்பா? ஒண்ணும் கிடையாது. அப்பாவை ஆஸ்பத்திரியில போட்டிருந்தப்போ ராத்திரி பகலா யார் உக்காந்திருந்தா? நீ சென்னையில ஆ, ஊன்னு பாடிண்டிருந்தே."

அப்பாவின் பெயர் கல்யாணம், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். ஆயிரம் பையன்களின் கையெழுத்தைத் திருத்தியவர். இருதய ஆபரேஷனுக்குப் பிறகு அவர் யாரையும் திருத்துவதில்லை. "மாப்பிள்ளை தங்கமானவர்மா" என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் முன்கோபம், அவ்வளவுதான்."

எனக்கும்தான் முன்கோபம், நான் யாரை அடித்தேன் என்று மாளவிகா கத்தினாள். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். அதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஆத்திரத்தில் எழுதிய பாட்டு அது. அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. நேராகச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இவர்கள் காதைப் பொத்தாமல் கேட்கிற ஒரே மெட்டு நலங்கு மெட்டுதான். அதிலேயே சொல்லிவிட்டால்? சர்க்கரைக்குள் வைத்து மருந்து கொடுப்பதுபோல உள்ளே போய்விடும் என்று நினைத்தாள். உட்கார்ந்த இடத்தில் வரிகள் வந்தன.

கொடுக்கற கை வலது கை, ஊரறியும் மாப்பிள்ளே
நீட்டற கை இடது கை, யாரறிவார் மாப்பிள்ளே
வாராவாரம் வளையல் வாங்கும் வள்ளலாமே மாப்பிள்ளே
போன வாரம் வாங்கினது போனதெங்கே மாப்பிள்ளே

முபாரக் இதைக் கேட்டுவிட்டு, வரிகள் எழுதிய தாளை வாங்கி மறுபடியும் படித்தான். "யாரைப் பத்தின்னு நான் கேக்கலங்க" என்றான். "ஆனா இந்த மெட்டுல என்ன சொன்னாலும் கல்யாணச் சத்தம்தான்க்கா கேக்கும். மெட்டே இல்லாம, வெறுங்குரல்ல சும்மா சொல்லிடுங்களேன். மத்த எட்டுலயும் வாத்தியம் போட்டாச்சு. இது ஒண்ணு மொட்டையா இருக்கட்டும்."

"உனக்கு எங்க ஜனங்களைத் தெரியாது" என்றாள் அவள். டோலக், கைத்தட்டல், ஜால்ரா எல்லாம் போட்டுத்தான் பதிவு செய்தாள். அவளுடைய ஜனங்களை முபாரக் எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆல்பம் வெளியானது. ஒரு விமர்சகர், 'கதம்பம். மணக்கிறது, எந்தப் பூ என்றுதான் தெரியவில்லை' என்று எழுதினார். கதம்பத்துக்குப் பேர்போன தஞ்சாவூர்க்காரியிடம் வந்து அதையே குறையாகச் சொல்கிறானே, இவனை என்ன செய்வது என்று மாளவிகா அவனையும் ஒரு மூச்சு திட்டினாள். மற்ற எட்டுப் பாட்டும் கேட்பவர்கள் கேட்டார்கள், விட்டவர்கள் விட்டார்கள். ஆறாவது மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. கல்யாணப் பெண்கள் அதற்கு ஆடி ரீல்ஸ் போட்டார்கள். மணப்பந்தலில் மாப்பிள்ளைகள் ஒரு கையை நீட்டி, மறு கையால் வளையல் மாட்டிவிட்டு, கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். கை நீட்டுவது என்றால் அடிப்பது என்று தமிழ் பேசுகிற எவருக்கும் தெரியும். அவள் அம்மாவே அந்த வார்த்தையைத்தான் சொன்னாள். ஆனால் ஜால்ராவோடு வந்தபோது நீட்டிய கை யாருக்கும் அடிக்கிற கையாகப் படவில்லை.

குடும்பம் முதலில் யாரைச் சொல்கிறாள் என்று புரியாமல் விழித்தது. வாராவாரம் வளையல் என்றால் நம்ம விஸ்வாதானே என்று சித்தி கண்டுபிடித்தாள். உடனே எல்லோருக்கும் குஷி. மைத்துனி அத்திம்பேரைக் கேலி பண்ணிப் பாட்டுப் போட்டிருக்கிறாள், எவ்வளவு பிரியம்! அன்றைக்கே அவர் அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டார்.

ஷைலஜாவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் வரவில்லை.

சாப்பாடு முடிந்து மாளவிகா மணப்பெண் அறைக்குப் போனபோது அக்கா அங்கே தனியாக இருந்தாள். வானதிக்கு நலங்குக்குக் கட்டவேண்டிய புடவையை மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையில் கண்ணாடி வளையல் ஒன்றும் இல்லை. தங்க வளை மட்டும் கிடந்தது.

"பாட்டு கேட்டியா?" என்றாள் மாளவிகா. கேட்கக்கூடாது என்று இத்தனை மாசம் அடக்கிவைத்திருந்தது.

"கேக்காம இருக்க விடறாரா? ஆத்துல காலங்கார்த்தால அதான் அடிக்கறது." ஷைலஜா மடிப்பின் மேல் ஊசியைக் குத்தினாள். "நன்னாயிருக்கு. அதான் எனக்குக் கோவம்."

"எனக்கு மட்டும் இல்லையா? இந்த ஜனங்களுக்குக் காது..."

"உனக்கென்ன கோவம்? அடி வாங்கறது நான். கைதட்டு வாங்கறது நீ."

மாளவிகாவுக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பத்து வருஷம் சென்னையில் இருந்த மாதிரியே ஆனது: வாய் திறந்திருந்தது, வார்த்தை இல்லை.

"யார்ட்டயும் சொல்லாதேன்னேன். நீ உலகத்துக்கே சொன்னே. சரி, சொன்னதைத்தான் சொன்னே, புரியறாப்பல சொல்லியிருக்கலாமோல்லியோ?" ஷைலஜாவின் குரல் உயரவில்லை. "ஒரு வரி தப்பு வேற."

"எந்த வரி?"

கதவைத் தள்ளிக்கொண்டு சித்தியும் வானதியும் வந்துவிட்டார்கள். பூ வந்தாச்சா, நலங்குக்கு நாழியாச்சு, தேங்காயை யார் எடுத்து வைத்தது என்று அறை நிறைந்துபோனது. ஷைலஜா குனிந்து புடவையை உதறினாள்.

வெளியே காப்பி கொடுக்கும் இடத்தில் விஸ்வா நின்றுகொண்டிருந்தார். சர்க்கரை இல்லாத காப்பி யாருக்கு என்று ஞாபகம் வைத்திருந்து ஒவ்வொருவருக்கும் தானே எடுத்துக் கொடுத்தார். மாளவிகாவைப் பார்த்ததும் டம்ளரை நீட்டினார். விரலில் நவரத்தின மோதிரம், மாளவிகாவின் அப்பா போட்டது.

"இன்னிக்கு நலங்குல நீதான் பாடணும் மாளு. எல்லாரும் கேக்கறா."

"நான் பாடலை."

"ஏன்?" அவர் குரலைத் தாழ்த்தினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "நலங்குப் பாட்டுக்கு யாரும் கோச்சுக்கக் கூடாது. அதானே வழக்கம்? நான் கோச்சுண்டேனா?"

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இந்தக் குடும்பத்தில் அந்தப் பாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஒரே ஒருத்தர்தான். அது இவர்தான். முதல் நாளே புரிந்துகொண்டு, முதல் ஆளாகச் சிரித்து, அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டார். கோபித்துக்கொண்ட கட்சிதான் தோற்கும். அவர் தோற்கப்போவதில்லை.

காப்பியை அவர் முகத்தில் கொட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கொட்டினால் நாளைக்கு ஊர் முழுக்க மாளுவின் முன்கோபத்தைத்தான் பேசும். டம்ளரை வாங்காமல் திரும்பி நடந்தாள். மெட்டே இல்லாமல் சொல்லிடுங்க என்று முபாரக் சொன்னது ஞாபகம் வந்தது. பாடுவது என்று தீர்மானித்தாள்.

ஜமக்காளத்தில் வானதியும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தேங்காய் உருட்டினார்கள். ஒருவர் தலையைச் சுற்றி ஒருவர் அப்பளத்தை நொறுக்கினார்கள். சுற்றிலும் நாற்காலி போட்டு இரு வீட்டு ஜனமும் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் அப்பா, அம்மா. அவர்களுக்கு நடுவே, ஒரு பிள்ளை உட்காரும் இடத்தில், விஸ்வா. சென்னைக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். மாளவிகா மைக்கை வாங்கியதுமே விசில் பறந்தது.

அவள் தாளம் போடவில்லை. மெட்டை உரித்துப் போட்டுவிட்டு, குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக, அத்திம்பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கொடுக்கற கை வலது கை. ஊரறியும், மாப்பிள்ளே."

ஒரு நொடி மண்டபம் அமைதியானது. கேட்கிறார்கள், இதோ கேட்கிறார்கள் என்று நினைத்தாள். அப்புறம் பின்வரிசையில் யாரோ, அவள் விட்டுவிட்ட இடத்தில் கைதட்டித் தாளத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். இருநூறு பேரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல அவர்கள் தட்டித் தட்டி நிரப்பினார்கள். "நீட்டற கை இடது கை" என்றபோது சித்தப்பா எழுந்து விஸ்வாவின் இடது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். சிரிப்பில் கூரை அதிர்ந்தது. வளையல் வரி வந்தபோது அவள் மைக்கை இறக்கினாள். அதை அவர்களே பாடி முடித்தார்கள். அம்மாகூடக் கைதட்டினாள். எல்லாம் தெரிந்த அம்மா, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு கைதட்டினாள்.

மாளவிகா அங்கேயே மைக்கைத் தரையில் அடித்து உடைத்திருப்பாள். விரல்கள் அதைச் சுற்றி இறுகிவிட்டன. அத்தனை பேர் மேலும் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேலேயே வந்தது. அவ்வளவு சாமர்த்தியமாக, அவ்வளவு அழகாக, எதுகை மோனை தப்பாமல் எழுதிய தன் கையை வெட்டிப்போடலாம்போல இருந்தது.

"எதிர்ப்பாட்டு! எதிர்ப்பாட்டு!" என்று சித்தி கூவினாள். "விஸ்வாவை ஏசியாச்சு. அவா பக்கத்துலேர்ந்து பதில் வர வேண்டாமா? ஷைலு! நீதானேடி அவாத்து மனுஷி. ஆம்படையானை விட்டுக் குடுப்பியா? எழுந்துரு!"

எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எதிர்ப்பாட்டு, எதிர்ப்பாட்டு என்று அதற்கும் ஒரு தாளம். வானதிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஷைலஜாவை இரண்டு பேர் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மாளவிகாவிடம் வந்தாள். மைக்குக்காகக் கையை நீட்டினாள். மாளவிகா கொடுக்கத் தயங்கினாள்.

"குடு" என்றாள் அக்கா.

விஸ்வா முன்வரிசையிலிருந்து பெருந்தன்மையாகக் கைதட்டி அவளை உற்சாகப்படுத்தினார். வாய்க்குள் ஏதோ சொன்னார். பார்த்துப் பாடு என்பதுபோல் இருந்தது.

"எனக்குப் பாட வராது" என்றாள் ஷைலஜா மைக்கில். ஒலிபெருக்கி வீலென்று கத்தி அடங்கியது. "எதிர்ப்பாட்டும் வராது. மாளு எழுதினதுல ஒரு வரி தப்பா இருக்கு. அதை மட்டும் திருத்திடறேன்."

"திருத்து, திருத்து!" என்றார் சித்தப்பா.

"கொடுக்கற கை வலது கை, நீட்டற கை இடது கைன்னு எழுதியிருக்கா. அவ கண்ணால பார்த்ததில்லை, பாவம். எழுதிட்டா." மளிகைச் சாமான் சொல்வதுபோல் அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "ரெண்டு கை கிடையாது. ரெண்டுக்கும் ஒரே கைதான். வலது கை. அப்பா போட்ட மோதிரம் இருக்கே, அந்தக் கை. வளையல் உடையறது அந்த மோதிரத்துலதான்."

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திக்கொண்டார்.

கைதட்டல் ஒரேயடியாக நிற்கவில்லை. முன்வரிசையில் முதலில் நின்றது. அது பின்வரிசைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சென்னைக்காரர்கள் தூக்கிய போனை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இறக்கினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா தன் பெண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியின் கைப்பிடிமேல் கிடந்த மாப்பிள்ளையின் வலது கையை, அந்த மோதிரத்தை, வகுப்பில் ஒரு பையன் எழுதியதை வாசிப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லெல்லாம் அவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை.

விஸ்வா சிரிப்பை விடவில்லை. "நன்னா விளையாடறா அக்காவும் தங்கையும்..." என்று ஆரம்பித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அப்போது போன் அடித்தது. சாயங்கால டிபனுக்கு இலை போடலாமா என்று சமையல்காரர் கூப்பிட்டிருக்க வேண்டும். சட்டையின் இடது பையிலிருந்து மாளவிகாவின் குரல் ஜால்ரா, டோலக்கோடு கிளம்பியது. கொடுக்கற கை வலது கை, ஊரறியும் மாப்பிள்ளே. அதை நிறுத்த வேண்டுமானால் அவர் வலது கையைத் தூக்க வேண்டும். இருநூறு பேரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதை நாற்காலியை விட்டு எடுக்கவில்லை.

மோதிர விரல் மட்டும் மெல்ல மடிந்து உள்ளங்கைக்குள் போனது. பாட்டு அது பாட்டுக்கு ஓடியது. நீட்டற கைக்கு வந்தது, வளையலுக்கு வந்தது, போன வாரம் வாங்கினது போனதெங்கே என்று கேட்டது. தானாக ஓயும்வரை அவர் மார்பில் பாடிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் யாரும் தாளம் போடவில்லை.